நிழலுக்கும் ஒரு நிறம்

"நிழலின் அருமை வெயிலிலே தெரியும்" என்பது முன்னோர் வாக்கு. வெயிலிலே தெரிந்துகொள்ள வேண்டிய அந்த அருமையை நான் தெரிந்துகொண்டது ஓர் அச்சகத்தின் மின்விளக்கின் கீழே. அதற்குக் கொடுத்த விலை 400 கலியாண அழைப்பிதழ்கள். அந்த விலையைக் கொடுத்தவனும் நான் அல்லேன், என் வாப்பா.

எத்தாளை என்னும் எங்கள் ஊர் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே, கற்பிட்டிக் குடாநாட்டிலே இருக்கிறது. மேற்கே திறந்த கடல். கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் தென்னையும் பனையும் நிற்கும். அவற்றுக்கு இடையே வெங்காயமும் மிளகாயும் பயிராகும். அந்த ஊரிலே நிழலைக் கவனியாமல் ஒருவன் வளர்ந்துவிட இயலாது. செருப்பில்லாத சிறுவர்களாகிய நாங்கள் ஒரு தென்னையின் நிழலிலிருந்து அடுத்த தென்னையின் நிழலுக்கு ஓடி ஓடியே பள்ளிக்கூடம் போய்ச் சேருவோம். வாப்பாவுக்கோ நிழல்தான் கடிகாரம். தோட்டத்துக் கிணற்றுக் கட்டின் நிழல் எந்த வரப்பைத் தொடுகிறது என்று பார்த்து, உம்மா சோறு அனுப்பும் நேரத்தைச் சொல்லிவிடுவார்.

வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 11 ஆம் நாளை ஒட்டியும் ஆகஸ்ட் மாத முடிவை ஒட்டியும், சூரியன் எங்கள் ஊருக்கு நேர் உச்சியிலே வருகிறது. ஏப்ரலில் அந்த நாளன்று பகல் 12 மணி கடந்து ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும்போது, நிறுத்தி வைத்த கோலுக்கு நிழலே இராது. அப்பொழுது பார்த்தால் உலகம் முழுவதும் தாளிலே ஒட்டிவைத்த படம்போலத் தட்டையாகத் தோன்றும். கிணற்றுக் கட்டு தரையைவிட உயர்ந்தது என்பதைக்கூடக் கண் உடனே சொல்லாது. ஒரு பொருளைத் தரையிலிருந்து எழுப்பிக் காட்டுவது அதன் நிழலே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

இன்னொன்றும் பாருங்கள். தென்னையின் அடிமரத்து நிழல் கத்தியால் வெட்டியதுபோலக் கூர்மையாக விழும். உச்சி ஓலைகளின் நிழலோ ஓரங் கலைந்து மங்கிக் கிடக்கும். சூரியன் ஒரு புள்ளியன்று. வானத்திலே ஏறக்குறைய அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆகவே ஒரு பொருள் தரையிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் நிழலின் ஓரமும் கலைந்துபோகும்.

இவை யாவும் சிறுவயதிலேயே என் கண்ணுக்குப் பழகியிருந்தன. ஆனால் கொழும்புக்குச் சென்று கணினியிலே பக்கம் அமைக்கும் தொழிலைக் கற்றுவந்த பின்பு, கண்ணுக்குத் தெரிந்தது வேறு, கல்வி வேறு என்று நினைக்கத் தொடங்கினேன். பிழை அங்கேதான் ஆரம்பித்தது.

2003 ஆம் ஆண்டிலே என் ராத்தாவுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. நான் அப்பொழுது புத்தளம் நகரத்துச் சிறிய அச்சகம் ஒன்றிலே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அழைப்பிதழை நானே அமைப்பது என்று வீட்டிலே முடிவாயிற்று. வாப்பா சொன்னது ஒன்றுதான்.

"ரெண்டு கலருக்கு மேல போக ஏலா மகன். ஆனா ராத்தாட பேரு வடிவா இருக்க வேணும்."

இரண்டு வர்ணம் என்று அவர் கட்டுப்படுத்தியதன் பொருளை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அச்சிலே நிறம் உண்டாக்க இருவகை வழிகள் உண்டு. ஒன்று, நால்வர்ண அச்சு. சியான் என்னும் நீலம், மெஜந்தா என்னும் செந்நிறம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளையும் நுண்ணிய புள்ளிகளாகப் பக்கம் பக்கமாகவும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் பதிப்பார்கள். புள்ளிகளைத் தனித்தனியே பிரித்தறிய மாட்டாத கண், அவற்றைத் தானே கலந்து ஆயிரம் நிறங்களாகக் கண்டுகொள்ளும். மற்றது, வேண்டிய நிறத்தை முன்கூட்டியே மையாகக் கலந்து, அந்த ஒரே மையை ஒரே தகட்டினால் பதிப்பது. அச்சகத்தார் இதனை ஸ்பொட் கலர் என்பார்கள். தனிவர்ணம் என்று நாம் சொல்லலாம். கண்ணிலே கலக்காமல் தட்டிலே கலந்த நிறம் அது. எந்த மையை எந்த அளவிலே சேர்த்தால் எந்த நிறம் வரும் என்பதை எண்ணிட்டு ஒழுங்குசெய்த பான்டோன் முறையை அமெரிக்காவிலே லாரன்ஸ் ஹெர்பர்ட் 1963 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அதன் பின்பு ஓர் எண்ணைச் சொன்னால் கொழும்பிலும் சென்னையிலும் ஒரே பச்சையைக் கலக்க வழி பிறந்தது.

எங்கள் அச்சகத்திலே இருந்தது ஒரு தடவைக்கு ஒரு மையை மட்டும் பதிக்கும் சிறிய ஓப்செட் யந்திரம். நான்கு வர்ணம் என்றால் நான்கு பிலிம், நான்கு பிளேட். ஒவ்வொரு வர்ணத்துக்கும் உருளைகளைக் கழுவித் துடைத்து மறுபடியும் மையிட்டு நான்கு தடவை ஓட்ட வேண்டும். இரண்டு வர்ணம் என்றால் அதிலே பாதி. ஏழை எளியவர்களின் கலியாண அழைப்பிதழ்களும், பள்ளிக்கூட விழா அறிவித்தல்களும், கடைச் சிட்டைகளும் தனிவர்ணத்தை நம்பியே நிறம் பெற்றதன் காரணம் இதுதான்.

நான் அமைத்த அழைப்பிதழ் இப்படி இருந்தது. அட்டையின் மேற்பாதி முழுவதும் கடற்பச்சை. அதன் நடுவே மணமக்களின் பெயர்கள், மை படாத வெள்ளை எழுத்துக்களாக. எழுத்துக்களின் வலப்புறமும் கீழ்ப்புறமும் மெல்லிய கறுப்பு நிழல். கீழ்ப்பாதியிலே இடமும் நாளும் நேரமும் கறுப்பிலே. ஒரு பொத்தானை அழுத்தியதும் எழுத்துக்கு நிழல் விழும் வசதி அந்நாளிலே புதுமை. அது ஃபோட்டோஷொப்பிலே 1998 இலும், இன்டிசைனிலே 2002 இலும் வந்தது. முன்னாளிலே ஓவியர் ஒருவர் தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு மணிக்கணக்காகச் செய்த வேலையை நான் நொடியிலே செய்துவிட்டேன் என்ற பெருமிதம் எனக்கு. திரையிலே பெயர்கள் பச்சை நீரின்மேல் மிதப்பதுபோல எழுந்து நின்றன.

ஆனால் திரையிலே தெரிவது ஒளி. தாளிலே விழுவது மை. இரண்டு மைகள் ஒரே இடத்துக்கு வரும்போது கீழே உள்ள மையை என்ன செய்வது என்று கணினிக்குக் கட்டளை வேண்டும். கட்டளை இல்லாவிட்டால், கீழ்நிறத்தை அந்த அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடத்திலே மேல்நிறத்தை வைக்கும். இதற்கு நொக்கவுட் என்று பெயர். கீழ்நிறம் அப்படியே இருக்க அதன்மேல் அச்சிடு என்று கட்டளையிட்டால் அது ஓவர்பிரிண்ட், அதாவது மேலச்சு. நிழலுக்கு வேண்டியது மேலச்சே. ஏனெனில், மென்மையான நிழலைக் கணினி ஒரு நீள்சதுரப் படமாகவே வைத்திருக்கும். அந்தப் படத்தின் நடுவிலே கறுப்புப் புள்ளிகள் அடர்ந்திருக்கும், ஓரங்களிலே சிறிது சிறிதாகக் குறைந்து ஒன்றுமில்லாமல் போகும். நொக்கவுட் ஆனாலோ, புள்ளியில்லாத ஓரங்கள் உட்பட அந்த நீள்சதுரம் முழுவதற்கும் பச்சை வெட்டுண்டு போகும்.

இதனை நான் அறியாமல் இருக்கவில்லை. அதற்கு முந்திய மாதத்திலே வேறொரு வேலையில், வெள்ளை எழுத்துக்குத் தவறுதலாக மேலச்சுக் கட்டளை விழுந்து, அந்த எழுத்தே அச்சிலே காணாமற் போயிற்று. வெள்ளை என்பது மையன்று, மையில்லாமை. அதைக் கீழ்நிறத்தை வெட்டாமல் மேலே வை என்றால், வைப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த அவமானத்தினாலே, ராத்தாவின் அழைப்பிதழிலே மேலச்சுக் கட்டளைகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் நீக்கிவிட்டேன். ஒரு குழியிலே விழுந்தவன் அதைத் தாண்டும் அவசரத்திலே எதிர்க் குழியிலே விழுந்த கதை என்னுடையது.

கொழும்பிலிருந்து பிலிம் வந்தது. யந்திரத்தை ஓட்டியவர் முப்பது ஆண்டுகள் மையோடு பழகிய முதியவர். அவரை நாங்கள் எல்லோரும் நானா என்றே அழைப்போம். விளக்கு மேசைமேல் பச்சைக்குரிய பிலிமை விரித்து நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, பேரு வாற இடத்துல ரெண்டு ஜன்னல் தொறந்து கிடக்கே. நிழல் விழுற இடத்துல பச்சை இல்லியே. சரிதானா?"

"கணினியிலே பார்த்துத்தான் செய்தேன் நானா. நீங்கள் அடியுங்கள்" என்றேன்.

அவர் ஒன்றும் பேசாமல் பிளேட்டை ஏற்றினார். முதலிலே பச்சை ஓடிற்று. அது காய்ந்த பின்பு மறுநாள் கறுப்பு ஓடிற்று. நான் வேறொரு வேலையிலே மூழ்கியிருந்தேன். மாலையிலே வந்து பார்த்தபோது 400 அட்டைகளும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கடற்பச்சையின் நடுவே இரண்டு வெள்ளைப் பெட்டிகள். அவற்றுக்குள்ளே, அடுப்படிச் சுவரிலே படிந்த கரிபோல ஒரு சாம்பற் புகை. வெள்ளைப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்து கரைந்துபோய்க் கிடந்தது. ராத்தாவின் பெயரை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.

அந்த வேளையிலேதான் வாப்பா வந்தார். எத்தாளையிலிருந்து பஸ் ஏறி, நுரைச்சோலை வழியாகப் பாலாவிச் சந்திக்கு வந்து, அங்கிருந்து புத்தளம் வந்திருந்தார். அச்சுக் கூலியை மடியிலே முடிந்துவைத்திருந்தார். ஓர் அட்டையை எடுத்து விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். கோபிப்பார் என்று நின்றேன். அவர் கோபிக்கவில்லை. தோட்டத்திலே பயிர் வாடியிருந்தால் எப்படிக் குனிந்து பார்ப்பாரோ அப்படியே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நிழல் எண்டா அடியில மண் தெரிய வேணும் மகன். இதுல மண்ணையே காணல்லியே."

கொழும்பிலே நான் கற்ற பாடம் முழுவதையும் அவர் ஒரு வாக்கியத்திலே சொல்லிவிட்டார். நிழல் ஒரு பொருளன்று. தரைமேல் வைக்கப்பட்ட கறுப்புத் துணியுமன்று. நிழலிலே மணல் மணலாகவே இருக்கிறது. அதன் சிற்றலைகளும் சிப்பிகளும் அப்படியே தெரிகின்றன. வெளிச்சம் மட்டுமே குறைகிறது. தரையை வெட்டி எடுத்துவிட்டு அங்கே கறுப்பை வைத்தால் அது நிழலாகாது, ஓட்டையாகும்.

பிலிமை மறுபடியும் கொழும்பிலே எடுக்க நாளும் இல்லை, பணமும் இல்லை. அப்பொழுது நானா ஒரு வேலை செய்தார். வேறொரு வேலையிலே கழிந்துபோன, முழுப் பச்சை பூசிய தாள் ஒன்றைத் தேடி எடுத்தார். யந்திரத்திலே ஏற்றியிருந்த கறுப்புப் பிளேட்டின்கீழ் அதை ஓட்டினார். தாள் வெளியே வந்தபோது என் கண்களை நான் நம்பவில்லை. வெள்ளை எழுத்து இல்லை. எழுத்தும் பச்சை, தரையும் பச்சை. ஆனால் எழுத்தைச் சுற்றி விழுந்த நிழல், அந்த எழுத்தைத் தரையிலிருந்து செதுக்கி எழுப்பியதுபோலக் காட்டிற்று. மை இல்லாமலே, தன் நிழலால் மட்டும் ராத்தாவின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"பச்சைப் பிலிம்ல அந்த ரெண்டு ஜன்னலையும் மூடிட்டாச் சரி. புதுப் பிளேட் ஒண்டு, தாள், எங்கட கூலி. அவ்வளவுதான்" என்றார் நானா.

ஒளி ஊடுருவாத சிவப்பு ஒட்டுத் தாளை அளவாக வெட்டி, பச்சைப் பிலிமின் ஜன்னல்கள்மீது ஒட்டினார். கறுப்பு மையிலே ஒரு துளி நீலத்தையும் சேர்த்தார். ஏன் என்று கேட்டேன். "வெளிய போய் நிழலப் பாருங்க தம்பி, அது தனிக் கறுப்பா?" என்று கேட்டார். உண்மைதான். வெயில் மறைக்கப்பட்ட இடத்துக்கும் வானத்தின் வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது; தெளிந்த வானத்தின் வெளிச்சம் நீலம்; ஆகையால் திறந்த வெளியிலே விழும் நிழல் நீலம் பாய்ந்திருக்கும். நிழல்களுக்கு நிறம் உண்டு என்பதை ஜெர்மானியக் கவிஞர் கெதே 1810 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலிலே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நானா அந்த நூலைப் படித்தவரல்லர். கடற்கரையிலே நடந்தவர்; அவ்வளவே.

பின்னாளிலே அச்சின் வரலாற்றைப் படித்தபோது, அன்று மாலை புத்தளத்திலே நடந்தது ஐந்நூறு ஆண்டுப் பழைமையுள்ள வித்தை என்று அறிந்தேன். 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜெர்மனியில் லூக்காஸ் கிரானாக், ஹான்ஸ் பர்க்மையர் முதலியோர் ஒரு படத்துக்கு இரண்டு மரக்கட்டைகளைச் செதுக்கினார்கள். ஒரு கட்டை கறுப்புக் கோடுகளுக்கு. மற்றது இடைநிறம் ஒன்றுக்கு. இடைநிறக் கட்டையிலே ஒளி விழவேண்டிய இடங்களை மட்டும் குடைந்துவிடுவார்கள். அங்கே வெறுந் தாளே வெளிச்சமாக நிற்கும். இத்தாலியிலே ஊகோ தா கார்ப்பி என்பவர் 1516 ஆம் ஆண்டிலே இவ்விதமாக அச்சிடும் உரிமையை வெனிஸ் நகர ஆட்சி மன்றத்திடம் வேண்டினார். ஒரே நிறத்தின் இளமையும் முதுமையுமான மைகளைக் கட்டை கட்டையாக ஒன்றன்மேல் ஒன்று பதித்து, எல்லைக்கோட்டை அதிகம் நம்பாமல், ஒளியாலும் நிழலாலுமே உருவங்களை எழுப்பிக் காட்டியவர் அவர். இம்முறைக்கு கியாரோஸ்கூரோ என்று பெயர். ஒளியும் இருளும் என்பது அதன் பொருள். நம் பக்கத்திலும், 1894 ஆம் ஆண்டிலே பம்பாயில் ரவி வர்மா தொடங்கிய அச்சுக்கூடத்திலே, நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களைக் கொண்டு படங்கள் பதிக்கப்பட்டன. தேவியரின் சேலை மடிப்புக்களிலே ஆழம் தெரிந்தது, ஒரு கல்லின் நிறத்தின்மேல் மறு கல்லின் நிறம் படிந்ததனால்தான். கீழ்நிறத்தை அழிக்காதே, அதன்மேல் படிய விடு என்பதே மரக்கட்டைக்காரரும் கல்லச்சுக்காரரும் கைக்கொண்ட விதி. கணினி வந்தபோது அதை மறந்தவன் நான்.

இரண்டாம் முறை அச்சானது. பச்சையின்மேல் பச்சையாக எழுந்து நின்ற பெயர்களைப் பார்த்துவிட்டு, இதற்கு எத்தனை கலர் பிடித்தது என்று உறவினர் பலர் கேட்டார்கள். இரண்டுதான் என்று வாப்பா பெருமையோடு சொன்னார். ஆனால் இரண்டாம் அச்சுக்கு அவர் கொடுத்த பணம் எது என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை. தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு பழுதாகிக் கிடந்தது. அதைத் திருத்துவதற்கென்று வைத்திருந்த பணம் அது.

ஆகவே கலியாணம் முடியும் வரைக்கும், முடிந்த பின்பும் சில வாரங்கள் வரைக்கும், நானும் வாப்பாவும் விடியற்காலையிலே இரண்டு கைகளிலும் வாளி சுமந்து வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றினோம். கிணற்றுக்கும் பாத்திக்குமாக எத்தனை நடை என்று எண்ணத் தொடங்கி, எண்ணுவதை விட்டுவிட்டேன். முதல் நாள் தோள் வீங்கிற்று. மூன்றாம் நாள் உள்ளங்கை பிளந்தது. வாப்பா ஒரு நாளாவது அந்த அட்டைகளைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

கீழ்வானத்திலே வெயில் ஏறும்போது எங்கள் இருவரின் நிழல்களும் பாத்திகளின்மேல் நீண்டு விழும். நான் குனிந்து பார்ப்பேன். என் நிழலுக்குள்ளே வெங்காயத் தாள்கள் பச்சையாகவே நின்றன. வெயிலிலே நின்றவற்றைவிட ஆழ்ந்த பச்சை. ஒரு தாளாவது வெட்டுப்படவில்லை. ஒரு தாளாவது வெளுக்கவில்லை. மேலச்சு என்பதை நான் உண்மையிலே கற்றுக்கொண்டது அந்தப் பாத்திகளிலேதான்.

இத்தொழிலை விரும்பும் மாணவர்களுக்கு அனுபவத்தாலே சில வார்த்தைகள் சொல்லலாம். இன்று பிலிம் அருகிவிட்டது. கணினியிலிருந்து நேரே பிளேட்டுக்குப் போகிறது வேலை. எனினும் விதி மாறவில்லை. தனிவர்ணத்தின்மேல் கறுப்பு நிழல் விழுத்தினால் நிழலுக்கு மேலச்சு உண்டா என்று பாருங்கள். வெள்ளை எழுத்துக்கு மேலச்சு இல்லை என்பதையும் பாருங்கள். திரையிலே மொத்தப் படத்தை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். ஒவ்வொரு மைக்கும் உரிய தகட்டைத் தனித்தனியே திறந்து பாருங்கள். பச்சைத் தகட்டிலே ஜன்னல் திறந்திருந்தால் அங்கேயே பிழை பிடிபட்டுவிடும். தனிவர்ணத்தைக் கணினி உங்களைக் கேளாமலே நால்வர்ணமாக உடைத்துவிடவும் கூடும். இரண்டு தகடுகள் இருக்கவேண்டிய இடத்திலே அதற்கு மேற்பட்ட தகடுகள் தோன்றினால் அதுவே அறிகுறி. இரண்டு மைகளின் புள்ளித் திரைகள் ஒன்றன்மேல் ஒன்று வருமானால், அவற்றின் கோணங்களை 30 பாகை அளவாவது விலக்கி வையுங்கள். இல்லையேல் பட்டுச் சேலையிலே தெரியும் நீரோட்டம்போல வேண்டாத கோலம் ஒன்று தோன்றும். பொன் மை, வெள்ளி மை முதலியவை ஒளியை எளிதில் ஊடுருவ விடாதவை. அவற்றைக் கடைசியிலே நிழலின்மேல் பதித்தால் நிழலையே மூடிவிடும். எழுத்து தாளுக்கு மிக அருகே இருப்பதாகக் காட்ட விரும்பினால் நிழலைக் கிட்டவும் கூர்மையாகவும் வையுங்கள். உயரத்திலே மிதப்பதாகக் காட்ட விரும்பினால் தள்ளியும் கலைத்தும் வையுங்கள். தென்னையின் அடிமரத்தையும் உச்சி ஓலையையும் நினைத்துக்கொண்டால் இது மறவாது.

மேலச்சிலே இன்னொரு நன்மையும் உண்டு. யந்திரத்திலே தாள் மயிரிழை அசைந்தாலும், வெட்டிப் பொருத்திய நிறங்களுக்கு இடையே வெள்ளைக் கோடு பல்லைக் காட்டும். மேலே படிய விட்ட நிழலோ சற்று அசைந்தாலும் குற்றம் தெரியாது. அடியிலே தரை இருப்பதனால் அதற்கு மன்னிப்பு உண்டு.

வாப்பா இப்பொழுது இல்லை. அவர் போன பின்பு அவருடைய தகரப் பெட்டியை நானும் ராத்தாவும் திறந்தோம். உள்ளே, பனை நாரால் கட்டிய கட்டுக் கட்டாகப் பழைய அட்டைகள். நான் எரித்துவிட்டதாக எண்ணியிருந்த அந்த 400 அட்டைகள்தான். வெறுமையாக இருந்த பின்பக்கங்களிலே அவர் பல ஆண்டுகளாகத் தோட்டக் கணக்கு எழுதி வந்திருக்கிறார். விதை வெங்காயம் இவ்வளவு, பசளை இவ்வளவு, லொறிக் கூலி இவ்வளவு என்று வரிசையாக, பென்சிலினாலே. நல்ல தடித்த அட்டை. வீணாக்குவானேன் என்று எண்ணியிருப்பார். ராத்தா ஓர் அட்டையைத் திருப்பித் தன் பெயர் கரைந்து கிடந்த அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தாள். அப்படி ஒரு முறை அச்சானது என்பதே அவளுக்கு அன்றுவரை தெரியாது.

கட்டின் அடியிலே இருந்த முதல் அட்டையை நான் எடுத்துக்கொண்டேன். அது இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அதன் பின்பக்கத்திலே இரண்டே வரிகள்:

"கார்ட், ரெண்டாம் தரம் – குடுத்தாச்சு.
பம்பு – அடுத்த மாசம் பாப்போம்."